சமையற்கட்டில் பிறந்த தாள்

படைப்பாளர் வரலாற்றை நூற்பட்டியலாகவே எழுதிப் பழகிவிட்டோம். அவர்தம் வீட்டுச் சமையற்கட்டை எட்டிப் பார்ப்போர் சிலரே.

இங்கிலாந்தில், யார்க்ஷயரைச் சார்ந்த ஹாவொர்த் என்னும் சிற்றூரில், 1834 நவம்பர் 24ஆம் நாள் பாதிரியார் ஒருவரின் மகளிர் இருவர் நாட்குறிப்புத் தாள் ஒன்று எழுதினர். எமிலி பிரான்டேக்கு அகவை 16. தங்கை ஆனுக்கு 14.

ஜாஸ்பர் முதலிய வளர்ப்புப் பறவைகளுக்கு இரையிட்டமை, அக்காள் சார்லட் சமைக்கவிருந்த இனிப்புக்கு ஆப்பிள் சீவியமை, உருளைக்கிழங்கு உரிக்குமாறு பணிமகள் டாபி ஏவியமை, நண்பகல் கடந்தும் படுக்கையைத் திருத்தாமை, பாடம் படியாமல் விளையாட விழைந்தமை ஆகியனவே அதன் செய்திகள். இவற்றின் நடுவே, கோண்டல் நாட்டார் கால்டைனின் உட்பகுதியைக் கண்டறிந்து வருகின்றனர் என்றொரு செய்தியும் உண்டு! அந்நாடுகள் சகோதரியரின் கற்பனையில் மட்டுமே இருந்தவை. அடுப்படிக்கும் கற்பனைக்கும் இடையே அவர்கள் சுவர் எழுப்பவில்லை. கோண்டலில் முளைத்த எமிலியின் கவிதைகள் சில, 1846இல் சகோதரியர் மூவரும் புனைபெயரில் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்றன. மறு ஆண்டு 'வுதரிங் ஹைட்ஸ்' புதினம் வெளிவந்தது.

1874இல் தாம் எங்கே, எவ்வாறு இருப்போமோ எனவும் அத்தாளில் இருவரும் வியந்துள்ளனர். எமிலி 1848இலும் ஆன் 1849இலும் மறைந்தனர். கோண்டலின் உரைநடைக் கதைகள் நமக்குக் கிட்டவில்லை. ஆப்பிள் சீவிய செய்தி கிட்டியுள்ளது.

வட்டத்துக் கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்: கவிதைகளைப் பேணுவது போலவே, வீட்டுக் கணக்கின் ஓரத்தில் கிறுக்கியவற்றையும் பேணுங்கள். கவிதை பிறந்த இடத்தை நாளை அவையே காட்டும்.