ஒரே மண்ணு, ரெண்டு கணக்கு

(பண்ணை வானொலிப் பேச்சு)



கான்சாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். மடியிலிருந்து ரெண்டு சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். ரெண்டும் மண் பரிசோதனைச் சீட்டு. ஒரே வயலில் எடுத்த மண்ணை ரெண்டாகப் பிரித்து, ரெண்டு இடத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு சீட்டில் மணிச்சத்து 'குறைவு' என்று வந்திருக்கிறது. இன்னொரு சீட்டில் 'அதிகம்'.

"ஒரே மண்ணுக்கு ரெண்டு கணக்கு எப்படி தம்பி வரும்? இதுல யாரு பொய் சொல்றா? எதுக்கும் இருக்கட்டுமேன்னு குறைவுன்னு போட்ட சீட்டை நம்பி, ரெண்டு வருசமா டி.ஏ.பி. மூட்டை மூட்டையாக் கொட்டிட்டேன்" என்றார்.

"அண்ணாச்சி, ரெண்டு பேருமே பொய் சொல்லலே" என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. உங்களுக்கும் ஆகாது. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நூறு வருஷத்துக்கும் மேலே பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நம் பாட்டன்மார் மண்ணை நிறத்தால் பார்த்தார்கள், கையில் பிசைந்து பார்த்தார்கள், அதில் முளைக்கிற களையை வைத்துப் பார்த்தார்கள். அதெல்லாம் லேசான அறிவு இல்லை. 1889-ல் இங்கிலாந்திலிருந்து வால்க்கர் என்ற வேதியியல் நிபுணர் இந்திய விவசாயத்தைப் பார்க்க வந்தார். ஊர் ஊராகச் சுற்றினார். இந்திய விவசாயிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவர், பல விஷயத்தில் இவன் எங்கள் ஊர் விவசாயிக்குச் சளைத்தவன் இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் 1892-ல் லெதர் என்பவர் அரசாங்கத்தின் விவசாய வேதியியலாராக வந்து, நம் மண் வகைகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் மண்ணில் மொத்தம் எவ்வளவு சத்து இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். தழைச்சத்தை அளக்க நல்ல வழி ஒன்று 1883-லேயே கிடைத்துவிட்டது. டென்மார்க் தேசத்தில் பீர் காய்ச்சுகிற கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருந்த கெல்டால் என்பவர், தானியத்தில் உள்ள சத்தை அளக்கக் கண்டுபிடித்தது அது. சாராயத்துக்குக் கண்ட வழி சம்சாரிக்கு உதவியது!

ஆனால் ஒரு சிக்கல். ஒரு ஏக்கரில் அரையடி ஆழத்து மண்ணை அள்ளி நிறுத்தால் சுமார் 9 லட்சம் கிலோ வரும. அதில் தழைச்சத்து நூற்றுக்கு 0.05 பங்கு என்றால்கூட 450 கிலோ ஆகிறது. ஒரு போக நெல்லுக்கு இது ஏகப்பட்டது. அப்படியிருந்தும் உரம் போடாவிட்டால் பயிர் மஞ்சளடித்து நிற்கிறதே, ஏன்? குதிரில் நெல் நிறைய இருக்கிறது, குதிர் வாய் அடைத்துக் கிடக்கிறது. பயிருக்கு மொத்தக் கணக்கு வேண்டாம். இந்தப் போகத்தில் கைக்கு எவ்வளவு வரும், அதுதான் வேண்டும்.

1894-ல் இங்கிலாந்தில் பெர்னார்டு டையர் இதற்கு ஒரு யோசனை பண்ணினார். வேரில் உள்ள சாறு கொஞ்சம் புளிப்பாக இருக்கிறது, அந்தப் புளிப்பு அளவுக்கு ஒரு கரைசல் தயாரித்து அதில் மண்ணை ஊற வைத்தால், வேர் எடுக்கக்கூடியது மட்டும் கரைந்து வரும் அல்லவா? நூறு வகைச் செடிகளின் வேர்ச் சாற்றைப் பார்த்து, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்து எடுத்துக் கொண்டார். அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். ரோதம்ஸ்டெட் என்ற பண்ணையில் பல்லாண்டுகளாக எந்தப் பாத்திக்கு என்ன உரம், எவ்வளவு மகசூல் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பாத்தி மண்ணில் தன் கணக்கையும் பழைய மகசூல் கணக்கையும் ஒத்துப் பார்த்தார். பயிர் சாட்சி சொல்லாத கணக்கு வெறும் நம்பர்தானே!

நம்ம ஊரிலும் அப்படிச் சாட்சிப் பாத்திகள் உண்டு. சைதாப்பேட்டையில் 1868-ல் ஆரம்பித்த விவசாயப் பள்ளி 1906-ல் கோவைக்கு வந்தது. அங்கே 1909-ல் நிரந்தர உரச் சோதனை வயல் போட்டார்கள். உரமே காணாத பாத்தி, தொழு உரம் மட்டும் கண்ட பாத்தி, ரசாயன உரம் கண்ட பாத்தி என்று வருஷக் கணக்காக நடத்தினார்கள்.

சரி, டையர் சொன்ன அமிலம் நம் கரிசலுக்கு ஆகுமா? கான்சாபுரத்துப் பெரியவருடைய நிலம் சுக்கான் கல் கிடக்கிற கரிசல். அந்த மண்ணில் ரெண்டு சொட்டு அமிலம் விட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். சுண்ணாம்பு அமிலத்தைக் குடித்துவிடும். அப்புறம் அந்தக் கரைசல் மணிச்சத்தை எங்கே போய் எடுக்கும்? இதைக் கண்டு 1930-லேயே தாஸ் என்ற நம் நாட்டு வேதியியலார், சுண்ணாம்பு மண்ணுக்கு அமிலம் வேண்டாம், காரக் கரைசல் வேண்டும் என்று பொட்டாசியம் கார்பனேட்டை வைத்துச் செய்து காட்டினார். பின்னால் 1945-ல் அமெரிக்காவில் பிரே என்பவர், புளிப்பு மண்ணுக்கு ஏற்ற அமிலக் கரைசலைக் கொண்டுவந்தார். 1954-ல் அதே தேசத்தில் ஓல்சன் குழுவினர், சுண்ணாம்பு மண்ணுக்கு என்று சோடியம் பைகார்பனேட் கரைசலை வகுத்தார்கள். நம் வீட்டில் ஆப்பச் சோடா என்று சொல்கிறோமே, அதேதான்.

ஓல்சன் முறையில் 2.5 கிராம் மண், 50 மில்லி கரைசல், 30 நிமிஷம் குலுக்க வேண்டும். பத்து நிமிஷம் கூடக் குலுக்கினால் கணக்கு மாறும். அறை சூடாக இருந்தாலும் மாறும். சித்திரை வெயிலில் குலுக்கினால் மார்கழியைவிட அதிகமாகக் கரைந்து வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரிதான். அதே பால், அதே சீனி, அடுப்புத் தீயும் கிண்டுகிற கையும் மாறினால் பண்டம் வேறு. அதனால்தான் ஆய்வு முறையை வரிக்கு வரி எழுதி வைத்து, எல்லா ஆய்வுக்கூடமும் அதன்படியே செய்ய வேண்டும் என்று சொல்கிறார்கள்.

1955-56-ல் நம் நாட்டில் மண் பரிசோதனை நிலையங்கள் வந்தன. மூட்டை மூட்டையாக மண் வந்து குவியும்போது, வாரக் கணக்கில் ஊற வைக்கிற பழைய முறைகள் தாங்குமா? 1956-ல் சுப்பையா, ஆசிஜா என்ற ரெண்டு பேர் தழைச்சத்துக்கு ஒரு விரைவு முறையை வெளியிட்டார்கள். 20 கிராம் மண்ணில் பர்மாங்கனேட்டும் காரமும் ஊற்றிக் காய்ச்சி, வருகிற அம்மோனியாவைப் பிடித்து அளப்பது. கிணற்றில் போடுகிற அதே ஊதாநிற மருந்துதான். இன்றைக்கும் தமிழ்நாட்டில் தழைச்சத்து அப்படித்தான் பார்க்கிறார்கள். சில இடங்களில் மண்ணின் கரிமத்தை மட்டும் அளந்து, தழைச்சத்தை அதை வைத்து மதிப்பிடுவதும் உண்டு. அங்கேயும் சீட்டுக்குச் சீட்டு வித்தியாசம் வரும்.

இதிலும் ஒரு குறை இருந்தது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கூறாகப் பிரித்துச் சொன்னால், எத்தனை கிலோ உரம் என்று சம்சாரி கேட்பானே? ஒரு ஊர் மண்ணையும் இன்னொரு ஊர் மண்ணையும் ஒப்பிட்டால் மழை வேறு, விதை வேறு, கைப்பக்குவம் வேறு. டெல்லியில் ராமமூர்த்தி என்ற அறிஞர் ஒரு வழி கண்டார். ஒரே வயலை நீளவாக்கில் பட்டை பட்டையாகப் பிரித்தார். ஒரு பட்டைக்கு உரமே இல்லை, ஒன்றுக்கு வழக்கமான அளவு, ஒன்றுக்கு இரட்டிப்பு. அதில் முதலில் ஒரு பயிரைப் போட்டு எடுத்தார். இப்போது ஒரே வயலுக்குள் ஏழை மண்ணும் பணக்கார மண்ணும் பக்கத்துப் பக்கத்தில் ஆகிவிட்டது. வெயிலும் மழையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதன் மேல் சோதனைப் பயிரைப் போட்டு, மண் கணக்கு, உரக் கணக்கு, மகசூல் மூன்றையும் கோத்தார். ஏக்கருக்கு இத்தனை மூட்டை வேண்டும், மண்ணில் இவ்வளவு இருக்கிறது, மிச்சத்துக்கு இத்தனை கிலோ போடு என்று சொல்ல முடிந்தது. 1967-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. கோவையும் அதில் ஒரு மையம்.

ஆனால் இந்த முறையெல்லாம் ஆரம்பிக்கிற இடம் ஆய்வுக்கூடம் இல்லை, உங்கள் மண்வெட்டிதான். 2.5 கிராம் மண் எங்கே, ஏக்கரின் 9 லட்சம் கிலோ எங்கே? 36 கோடியில் ஒரு பங்கு! எருக்குப்பை கிடந்த இடத்தில், வரப்போரத்தில், மர நிழலில் எடுத்தால் கணக்கு வாய்க்காலோடு போச்சு. வயலைக் குறுக்கும் மறுக்குமாக நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில் மேலே உள்ள செத்தையைத் தள்ளி, 'வி' மாதிரி அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்க் கூறைத் தள்ளி, அரைக்கிலோவுக்குக் கொண்டுவந்து நிழலில் உலர்த்த வேண்டும். பழைய உரச் சாக்கை விரித்து உலர்த்துகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக் கொள்ளத் தோன்றும். தென்னைக்கு இந்த ஆழம் போதாது, ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடி என்று தனித்தனியே எடுக்க வேண்டும்.

2015-ல் வந்த மண் வள அட்டைத் திட்டத்தில், இறவையில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து எக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு எடுத்தார்கள். ஆகவே அப்படி வந்த அட்டையில் இருப்பது பக்கத்து வயல் மண்ணாகக்கூட இருக்கலாம்.

பெரியவர் சீட்டுக்கு வருவோம். 'குறைவு' என்று போட்ட இடத்தில் விசாரித்தேன். அங்கே பார்த்தது பிரே முறை. மலையோரத்துச் செம்மண் அதிகம் வருகிற இடம் அது, இவர் மண்ணையும் அதே கரைசலில் போட்டுவிட்டார்கள். மற்றது ஓல்சன் முறை. "அப்போ கரிசலுக்கு அந்தச் சோடாச் சீட்டுத்தான் கணக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரெண்டு வருசத்து டி.ஏ.பி. மண்ணுலதானே தம்பி கிடக்கும்?" என்று கேட்டார். பாதிக்கு மேல் அங்கேதான் சுண்ணாம்போடு கட்டிப்போய்க் கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பயிருக்கு வரும் என்றேன். அறுப்பு முடிந்ததும் மறுபடி மண் எடுத்து, இந்தத் தடவை சீட்டின் மேலேயே 'கரிசல், சுக்கான் கல் உண்டு' என்று எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.