சர்க்கரைத் தண்ணி ருசிக்காமப் போன எலிகள்

"டோபமைன் டீடாக்ஸ்"னு ரீல்ஸ்ல கேட்டுக் கேட்டு, டோபமைன் ஏதோ போன் சார்ஜ் மாதிரி, ஏத்தலாம் இறக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. டோபமைனையும் ஸ்ட்ரெஸ்ஸையும் ஆராய்ச்சியாளர்கள் எப்படி ஒண்ணா முடிச்சுப் போட்டாங்க? அதுதான் இன்னிக்குக் கதை.

ரெண்டும் தனித்தனியாத்தான் ஆரம்பிச்சது. 1936-ல மான்ட்ரியல்ல ஹான்ஸ் செல்யே, எலிக்கு எந்தத் தொந்தரவு கொடுத்தாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டுதுன்னு எழுதினார். 1957-ல ஸ்வீடன்ல அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசையாமக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார். எழுந்து நடந்துச்சு! டோபமைனுக்கு மூளையில தனி வேலை இருக்குன்னு புரிய ஆரம்பிச்சது அப்படித்தான். (அந்த ரெசர்பின் நம்ம நாட்டு சர்ப்பகந்தா வேர்ல இருந்து வந்தது.)

1976-ல பாரிஸ்ல ஆன்-மாரி தியெரி குழு, ஸ்ட்ரெஸ் வந்தா எலியோட முன்மூளையில டோபமைன் இயக்கம் கூடுதுன்னு காட்டினாங்க. குறையல, கூடுது. ஆனா அது கொஞ்ச நேர ஸ்ட்ரெஸ்.

வாரக்கணக்கா நீடிச்சா? 1987-ல பால் வில்னரும் சகாக்களும் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. பெரிய கொடுமை எதுவும் இல்ல. கூண்டைக் கொஞ்சம் சாய்ச்சு வைப்பாங்க. படுக்கையை ஈரமாக்குவாங்க. ராத்திரி லைட்டை அணைக்க மாட்டாங்க. எது எப்ப வரும்னு எலிக்குத் தெரியாது, அதனால பழகவும் முடியாது. ஆன்-கால் ட்யூட்டி பார்த்தவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். சில வாரத்துல, முன்னாடி ஆசையாக் குடிச்ச சர்க்கரைத் தண்ணி மேல எலிகளுக்கு நாட்டம் குறைஞ்சிடுச்சு. மனச்சோர்வு மருந்தை வாரக்கணக்குல கொடுத்த பிறகுதான் அது திரும்பி வந்தது. அடுத்து வந்த ஆய்வுகள்ல, இன்பத்தோட தொடர்புள்ள மூளைப் பகுதியில டோபமைன் ஏற்பிகள் குறைஞ்சிருந்ததும் தெரிஞ்சது.

அப்போ டோபமைனைத் தூண்டிவிட்டா சரியாயிடுமா? 2013-ல 'நேச்சர்' இதழ்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கட்டுரை வந்தது. ரெண்டு குழுவும் ஒளியைப் பாய்ச்சி டோபமைன் நரம்பணுக்களைத் தூண்டினாங்க. வில்னர் வழியில வாரக்கணக்கா சின்னச் சின்னத் தொல்லை அனுபவிச்ச சுண்டெலிகள் தேறிடுச்சு. இன்னொரு குழுவோட சுண்டெலிகள், பெரிய முரட்டுச் சுண்டெலிகிட்ட அடி வாங்கினவை. அங்கே அதே தூண்டல், அதுங்களை இன்னும் சீக்கிரமா முடங்க வெச்சது.