கோட்டைச் சுவர்களும் கோயில் சுவர்களும்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியைக் கடக்கும் எவரும் ஒருமுறையேனும் அண்ணாந்து பாராமல் போவதில்லை. யாரோ கொண்டுவந்து கொட்டிக் குவித்தவை போன்ற பாறைகள். அவற்றின்மீது வளைந்து வளைந்து ஏறும் மதில்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் ஒன்றாக இணைக்கும் அரண். மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

அந்த அறிவிப்பு வந்த சில வாரங்களில் நம் பங்கின் இளைஞர் சிலரோடு ராஜகிரி ஏறினோம். ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் வழியெங்கும் முறையிட்டன. உச்சியை அடைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் மாணவன் ஒருவன் கேட்டான்: “சாமி, இவ்வளவு பெரிய மதில் இருந்தும் இந்தக் கோட்டை எப்படித்தான் விழுந்தது?”

நல்ல கேள்வி. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானியம் இதைக் கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி பெரும் போரின்றியே இதைப் பெற்றார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புக, மொகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-இல் உள்ளே நுழைந்தது. 1714-இல் தேசிங்கு ராஜன் மதிலுக்குள் காத்திராமல் வெளியே சென்று பொருது மாண்டான். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் இதைப் பிடித்தது. புதுச்சேரி வீழ்ந்த 1761-ஆம் ஆண்டில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மதிலின் உயரம் ஒருபோதும் குறையவில்லை. காத்தவர்தாம் மாறிக்கொண்டே இருந்தனர். சுவர் தானாக எவரையும் காப்பதில்லை என்பதே செஞ்சி சொல்லும் பாடம்.

இதைச் சொல்லிவிட்டு இறங்கினோம். ஆனால் அக்கேள்வி நம்மோடு இறங்கி வந்துவிட்டது. நமக்கும் செஞ்சிக்கும் உள்ள உறவு வெறும் சுற்றுலா உறவன்று. திருச்சபையின் வரலாறும் இம்மலைகளின் நிழலில் நடந்திருக்கிறது.

1597-இல் இயேசு சபையின் மேலாய்வாளர் நிக்கோலாஸ் பிமெந்தா செஞ்சிக்கு வந்தார். அப்போது ஆட்சி செய்த கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். வெள்ளாறு கடலில் கலக்கும் பகுதியில் தாம் உருவாக்கிய புதிய நகரில் கோயில் கட்டவும் இசைவு தந்தார். செஞ்சியின் பெருமை கண்டு பிமெந்தா வியந்தார். வேற்றுச் சமயத்து மன்னன் திறந்துவிட்ட வாயிலின் வழியே நற்செய்தி விருந்தாளியாக நுழைந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து நினைக்க வேண்டியவர் புனித அருளானந்தர். 1647-இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர், அரண்மனையில் வளர்ந்தவர். 1674-இல் செஞ்சி நாட்டு எல்லையை ஒட்டிய பணித்தளத்தில் அவருடைய தமிழ் வாழ்வு தொடங்கியது. போரும் பஞ்சமும் மாறி மாறி வாட்டிய காலம் அது. பின்னர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வாளுக்குத் தலை கொடுத்தார். 1947-இல் புனிதராக உயர்த்தப்பெற்றார். அவர் ஏற்ற கோலம் பண்டாரசுவாமி கோலம். பிராமணத் துறவியாக வாழ்ந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி தாழ்த்தப்பட்ட மக்களிடம் வெளிப்படையாகப் பழக இயலாத நிலை இருந்ததால், 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்னும் வேறொரு துறவு முறையை மதுரை மறைத்தளத்தார் கைக்கொண்டனர். இவர்கள் பல சாதியாரிடையேயும் சென்று பணி செய்யக்கூடியவர்கள்.

இந்த ஏற்பாட்டின் மேன்மையை நம் மறைக்கல்வி நூல்கள் சொல்கின்றன. அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லத் தயங்குகின்றன. சாதிச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் சுவர் நின்றது. நிற்க விடப்பட்ட சுவர் நாளடைவில் கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது.

இது உவமை அன்று. கல்லும் காரையுமான சுவரைப் பற்றியே பேசுகிறோம். 1745-இல் புதுச்சேரிக் கோயிலினுள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைத் தனியே பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்ததையும், அம்மக்கள் குருக்களிடம் முறையிட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் மற்றச் சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஓர் இந்துப் பெருமகனாரின் நாட்குறிப்பிலிருந்து நம் வீட்டுச் செய்தியை நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் அத்தகைய சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்போர் நீதிமன்றம் ஏறி வழக்காடித் தோற்றனர். இவையெல்லாம் பழங்கதை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2008 மார்ச்சில் எறையூரில், ஒரே திருமுழுக்குப் பெற்ற, ஒரே பலிபீடத்தில் அப்பம் உண்ட இரு சாதியாரிடையே கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. தலித் மக்கள் மேம்பாட்டுக்கென இந்திய ஆயர் பேரவை 2016-இல் கொள்கை ஏடு வெளியிட்டது. அப்படியோர் ஏடு தேவைப்பட்டதே நம் தலைகுனிவுக்குப் போதுமானது.

எருசலேம் ஆலயத்திலும் ஒரு தடுப்பு இருந்தது. அதைக் கடந்து உள்ளே வரும் பிற இனத்தார் கொல்லப்படுவர் என்று எச்சரிக்கும் கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. எபேசியர் திருமடல் சுவரைப் பற்றிப் பேசும்போது இத்தடுப்பு வாசகர் மனக்கண்முன் நின்றிருக்க வேண்டும். இரு மக்களைப் பிரித்த சுவரைக் கிறிஸ்து தம் உடலையே விலையாகக் கொடுத்துத் தகர்த்தார் என்பது அதன் படிப்பினை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஏட்டில், திருச்சபையின் ஆட்சியமைப்பைப் பேசுமுன் இறைமக்களைப் பற்றிப் பேசியதன் உட்பொருளும் இதுவே. திருச்சபை என்பது காக்கப்பட வேண்டிய கோட்டையன்று. ஒன்றுசேர்ந்து நடக்கும் மக்கள்.

பிறர் பிழைகளை அடுக்கிவிட்டு நம் பிழையை மறைப்பது முறையன்று. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஒரு பங்கில் பணியாற்றினோம், ஊர்ப்பெயர் வேண்டா. ஒரு கூலித் தொழிலாளியின் அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் புறப்பட்டோம். பெரிய தெரு வழியே சென்றால் பத்து நிமிட நடை. தெருமுனையில் நம் பங்கைச் சேர்ந்தவர்களே நின்றுகொண்டிருந்தார்கள். எவரும் கை ஓங்கவில்லை, குரலும் உயர்த்தவில்லை. “வழக்கம் எப்படியோ அப்படிப் போங்க சாமி” என்றார் பெரியவர் ஒருவர். நாம் கையிலிருந்த தீர்த்தச் செம்பைப் பார்த்தோம். சிலுவை ஏந்திய சிறுவனைப் பார்த்தோம். பிறகு ஏரிக்கரைப் பக்கம் திரும்பினோம். கலவரம் வேண்டாமே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். வரப்பில் பெட்டியைச் சுமந்தவர்கள் தடுமாறினார்கள். இறந்தவரின் மனைவி நம் அருகில் வந்து, “செத்த பொறவும் எங்களுக்குச் சுத்து வழிதானா சாமி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. குருமடத்தில் பயின்ற இறையியல் முழுவதும் அந்த வரப்பில் வாயடைத்து நின்றது.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்கு வரமாட்டார் என்றே எண்ணினோம். வந்தார். வழக்கமான இடத்தில் அமர்ந்தார். சமாதானம் பகிரும் நேரத்தில் நாமாக இறங்கிச் சென்று அவர்முன் கைகூப்பினோம். அவரும் கைகூப்பினார். அது நம்மை மன்னித்ததன் அடையாளமா என்று இன்றுவரை நாம் அறியோம்.

திருச்சபையை நேசிப்பது எப்படி என்று யாரேனும் கேட்டால் அந்தத் தாயையே நினைக்கிறோம். அவர் தம் சபையின் குற்றத்தைக் குற்றமில்லை என்று சொல்லவில்லை. குற்றமுள்ளது என்பதற்காகத் தம் இடத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்ததே அன்பு. குறையே காணாத அன்பு முகத்துதி. குறையை மட்டும் கண்டு விலகுவது எளிது. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துன்புறுவோரின் பொறுமையைப் புகழ்ந்துவிட்டு நாம் சும்மா இருந்துவிடலாகாது. சுவரால் நலம் பெற்றவர்களே முதற்கல்லைப் பெயர்க்கக் கடமைப்பட்டவர்கள். அவ்வரிசையில் பங்குத்தந்தையரும் உண்டு. நம் பங்கில் பாடகர் குழுவில் யார் இடம் பெறுகிறார்கள், திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கல்லறையில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று இம்மாத அன்பியக் கூட்டங்களில் மனந்திறந்து பேசிப் பார்ப்போம். பேச்சு கசக்கும், மருந்தும் கசக்கத்தான் செய்யும்.

செஞ்சி மலையிலிருந்து இறங்கி வந்த வாரம், பழைய பங்கிலிருந்து ஒருவர் நம்மைக் காண வந்தார். அந்தத் தாய் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன என்றார். எந்த வழியாகக் கொண்டு போனீர்கள் என்று கேட்டோம். கேட்கும்போதே நம் குரல் தளர்ந்தது.

“பெரிய தெரு வழியாத்தான் சாமி. அந்தத் தெருப் பிள்ளைகள் நாலு பேரே வந்து தோள் கொடுத்தாங்க.”

நாம் செய்யத் தவறியதை அப்பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். ஆண்டவருக்கு நன்றி.