வைக்கலும் சோளகமும்

வன்னியில் மழை ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். ஆடி, ஆவணியில் எங்கள் முரசுமோட்டை வெளியில் பச்சைப்புல் என்று ஒன்று இராது. அப்போது மாட்டுக்கு வைக்கல்தான் சாப்பாடு. அதனால் எங்கள் அப்பு அறுப்பு வெட்டியது நெல்லுக்காக மட்டுமில்லை.

காலபோகம் தை, மாசியில் வெட்டுவது. பனிக்காலம். தாக்கத்தியால் அரிந்து போட்ட உப்பட்டியில் விடியப்புறம் ஈரம் நிற்கும். வெயில் ஏறும்வரை அப்பு ஒருவரையும் தொடவிடமாட்டார். ஈரத்தோடு குவித்துச் சூடு வைத்தால் உள்ளே புழுங்கிக் கொதிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பருவம் தவறிய ஒரு தை மழை போதும், வைக்கல் கறுத்துவிடும். மாடு மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

சிறுபோகம் வேறு. 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மிஞ்சிய ஆண்டுகளில் சித்திரையில் விதைத்து ஆவணியில் வெட்டுவோம். சோளகக் காற்று வீசுகிற நாட்கள். இரண்டு வெயிலில் வைக்கல் சலசலக்கும். அந்த வேகத்திலும் ஒரு கேடு உண்டு: உச்சி வெயிலில் கட்டினால் தாள் முறியும், மாடு விரும்பித் தின்னும் ஓலையெல்லாம் காற்றோடு போய்விடும். புரி திரித்துக் கட்டுவது காலைக் குளிர்மையில்தான்.

சூடு மிதித்து நெல்லைப் பிரித்து முடிந்தால், வைக்கலைப் பட்டடையாக அடுக்குவது. பனங்குற்றிகளை அடியில் போட்டு, ஏறி மிதித்து மிதித்து உயர்த்துவார்கள். முகட்டைச் சரித்து வேய்ந்துவிட்டால் ஐப்பசி மழை மேலால் வழிந்தோடும். அப்பு போட்ட பட்டடையை அடுத்த மாரியில் இழுத்தாலும் உள்வைக்கல் பொன்னிறமாக வரும்.

யாழ்ப்பாணத்து மாடுகளுக்கும் ஆனையிறவு தாண்டி லொறிகளில் வன்னி வைக்கல் போனது. 2006 ஆவணியில் போரால் ஏ9 பாதை மூடப்பட, அதுவும் நின்றது. 2009 தொடக்கத்தில் பட்டடையையும் மாடுகளையும் அப்படியே விட்டுவிட்டு நாங்களும் வெளிக்கிட்டோம். அவிழ்த்துவிட்ட மாடுகள் பிறகு எங்கள் கண்ணில் படவேயில்லை.

இப்போது வெட்டுமெசின் ஒரே நாளில் வயலை முடித்துவிடுகிறது. வைக்கல் வரிசையாக வயலிலேயே கிடக்கிறது. கட்டுகிற மெசின் வாடகைக்குக் கிடைத்த நாளில், காய்ந்ததோ இல்லையோ, கட்டிவிடுகிறார்கள். அதுவும் இல்லாத இடத்தில் நெருப்பு வைக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. அதே வயற்கரையில் புரட்டாதியில் மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன.

தம்பிமாரே, கொளுத்த முன் இரண்டு வெயில் பொறுங்கள். ஒருக்கால் புரட்டிவிட்டு, பனி விலகியபின் அள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் பக்கத்தில் மாடு வைத்திருப்பவருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள், அவர் வந்து ஏற்றிக்கொள்வார்.