பட்டியலில் இல்லாத கூடை

எங்கள் நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திர என்று பெயர். காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் சுரங்கவழி வந்து அங்கே சுழலியைச் சுற்றிவிட்டு நோட்டன் நீர்த்தேக்கத்தில் விழுகிறது. இந்த மலையாறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபான மின்சாரம் வந்தது 1950இல். அவர் காலமானது 1953இல். தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன்: காலியில் பிறந்த அந்த எந்திரி, கைவினைஞர் ஒருவரின் மகன். அவரைப் பற்றி எழுதுகிறவர்களும் அதைப் பெருமையாகவே குறிப்பிடுகிறார்கள்.

என் தாத்தாவும் கைவேலைக்காரர்தான். கொழுந்துக் கூடை முடைந்தவர். எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது மட்டும் அது வாய்க்கு வராது. “தோட்டத்தில கவ்வாத்து வெட்டினவரு” என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் பொய்யில்லை. காலையில் பிரட்டுக்குப் போய்ப் பேர் போட்டு, கவ்வாத்து வெட்டி, பின்னேரம் லயத்துக்கு வந்த பிறகுதான் கூடை. தோட்டத்துக்குக் கூடை கொடுப்பது கொந்தரப்பு வேலை. கூடைக்கு இவ்வளவு என்று கணக்கு.

அந்த வேலையை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன், கொஞ்சம் விரலும் அறுபட்டிருக்கிறேன். மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்டுவார். வளர்பிறையில் வெட்டினது உளுத்துப்போகும் என்பது அவர் நம்பிக்கை. வெட்டியதை ஓடைத் தண்ணீரில் கல் வைத்து அமுக்கி ஊறப்போடுவார். இதற்குக் காரணம் கேட்டால் “தண்ணி குடிச்சாத்தான் படியும்” என்பார். மூங்கிலில் உள்ள மாச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது, ஊறும்போது அது கரைந்து போகிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஊறியதைப் பிளந்து, கணுவைச் செதுக்கி, தோல் சிம்பு வேறு, உள் சிம்பு வேறு என்று பிரிப்பார். உள் சிம்பு சீக்கிரம் நைந்துபோகும். அதை வயிற்றுப் பகுதிக்கு வைத்துக்கொண்டு, பாரம் இறங்கும் அடிக்கும் இழுபடும் வாய்க்கும் தோல் சிம்பு போடுவார். அடி சதுரமாகத் தொடங்கும். நாலு விரற்கடை ஏறியதும் மூலைகள் கரைந்து வட்டமாகும். வாய் அகலம், அடி குறுகல். முதுகில் படும் பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாக அடித்துவிடுவார். விளிம்பில் இரட்டை வளையம் வைத்துப் பிரம்பால் கட்டி, தலையில் மாட்டும் கயிற்றுக்கு இடம் விட்டால் கூடை முடிந்தது. முடிந்ததை அப்படியே கொடுத்துவிடமாட்டார். அடுப்புக்கு மேலே பரணில் புகையில் கிடக்கும். அப்பாயி தினமும் அதைப் பற்றி ஏதாவது சொல்லித் திட்டுவார்.

இந்தக் கூடையில் அழகு பார்க்கத் தெரிந்தவர்கள் தேயிலை தெரிந்தவர்கள். பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடுகிறது. அமுக்கி அடைத்தால் சூடேறிச் சிவக்கும். தொழிற்சாலைக்குப் போகுமுன்பே தூள் கெட்டுவிடும். இழைகளுக்கு இடையில் காற்றோட இடம் விட்டு, சரிவில் ஏறி இறங்கும்போது செடிக் கிளைகளில் மாட்டாத வடிவத்தில், மழையில் நனைந்தாலும் தலை தாங்கும் எடையில் ஒரு பாத்திரம் செய்ய வேண்டும். தாத்தா வடிவமைப்பு என்று ஒன்றைப் படித்தவரல்லர். ஆனால் அப்பாயிக்கு முடைந்த கூடையும் பக்கத்து லயத்துக் குள்ளச்சித்திக்கு முடைந்த கூடையும் ஒரே அளவாக இருந்ததில்லை.

இப்படியொரு தொழிலுக்கு அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்டால், கதையை 1882இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் கண்டியில் கண்டியக் கலைச் சங்கம் தொடங்கியது. அரண்மனை போய்விட்டது, ஆதரவின்றி நலியும் கண்டிக் கைவினைஞர்களுக்கு வேலையும் சந்தையும் வேண்டும் என்பது அதன் எண்ணம். அதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன்புதான், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார். 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. கண்டிக் கைவினைஞர்களுக்குச் சங்கம் அமைந்த அந்த ஆண்டுகளில்தான் கோப்பி போன மலைகளில் தேயிலை ஏறியது, அதோடு இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களும் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். இரண்டும் ஒரே மலைநாட்டில், ஒரே அரசாங்கத்தின் கண்முன்னால் நடந்தவை. ஒன்று கலை என்று எழுதப்பட்டது, மற்றது கூலி என்று எழுதப்பட்டது.

அடுத்து வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தந்தை தமிழர், சர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயப் பெண். மண்ணியல் படித்து 1903இலிருந்து 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுக்குத் தலைவராக இருந்தார். பாறை தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தவர் கண்ணில் பட்டது தட்டாரும் தச்சரும் பாய் நெய்வோரும். 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ வெறும் 425 பிரதிகள், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சானது. இந்த நாட்டில் கைவினைக்கு மரியாதை என்று ஒன்று உண்டென்றால் பாதி அந்தப் புத்தகத்தால் வந்தது. அவர் தேடியது அரசர் காலத்தின் தொடர்ச்சியை. நிலம் பெற்று, அதற்கு ஈடாக அரண்மனைக்கும் விகாரைக்கும் வேலை செய்த குடிகளின் கையை. லயத்துப் பக்கம் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 1908இல் எங்கள் கூடைக்கு வயது நாற்பதுதான். ஆனால் அவர் அன்று எடுத்த அளவுகோலையே, கூடைக்கு நூறு வயது தாண்டிய பிறகும், திணைக்களங்கள் கையில் வைத்திருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

லக்சல கடைகள் 1964இல் வந்தன. கைவினைஞரிடம் அரசாங்கமே பொருளை வாங்கி விற்கும் ஏற்பாடு. நல்ல காரியம். பிலிமத்தலாவையின் பித்தளை, மாத்தளைப் பக்கத்து அரக்குவேலை, ஹேனவலையின் தும்பரப் பாய் எல்லாம் நகரத்துக் கண்ணாடி அலமாரிக்குள் ஏறின. தும்பரப் பாய் நெய்தவர்கள் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் ஒரு கைத்தொழிலைக் கலை என்று கூப்பிட்டால், அதைச் செய்கிறவன் வீட்டுக் கல்யாணப் பேச்சிலும் அது கொஞ்சம் கேட்கும்.

அதே 1964 ஒக்டோபரில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மீதி 1,50,000 பேரை என்ன செய்வது என்பது 1974 வரை இழுபட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிக் கிடந்தவர்கள், எந்தத் திணைக்களத்தில் போய் “எனக்குக் கூடை முடையத் தெரியும், பயிற்சி கொடுங்கள்” என்று நிற்பது? தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிப் போனது. கூடலூர்ப் பக்கம் டேன்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் அது. அங்கே 1973இல் பூம்புகார் என்ற அரசுக் கைவினை நிறுவனமும் வந்தது. தஞ்சாவூர்த் தட்டுக்கும் நாச்சியார்கோவில் விளக்குக்கும் அது பெரிய துணை. சின்னத் தாத்தா முடைந்த கூடை சிலோனில் இந்தியக் கூலியின் சாமான், இந்தியாவில் சிலோன்காரன் சாமான்.

இலங்கையில் முறையான சட்டம் 1982இல் வந்தது. தேசிய அருங்கலைகள் பேரவை, தேசிய வடிவமைப்பு நிலையம், லக்சலவை நடத்தும் கைவினைச் சபை மூன்றையும் அமைத்த 35ஆம் இலக்கச் சட்டம். கைதேர்ந்தவரின் ஊரிலேயே பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி, வடிவமைப்பாளரின் உதவி, சில்ப அபிமானி விருது என்று ஏற்பாடுகள் வளர்ந்தன. கண்டிக்கு அருகே நத்தரம்பொத்தவில் கைவினைஞர்களுக்கென்றே கலாபுரம் என்று ஒரு கிராமம். எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது 1988லும், பிறகு 2003லும். அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இலக்கம் 35தான். ஒரே இலக்கமுள்ள அந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் 21 வருடம்.

வாக்குச்சீட்டு வந்த பிறகும் ஒரு கதவு சாத்தியே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க இடமிருக்கவில்லை. எங்கள் வாக்கில் உறுப்பினர் வருவார், எங்கள் லயத்துக்கு ஒரு தெருவிளக்கு போட அவருக்கு வழியிருக்கவில்லை. இது திருத்தப்பட்டது 2018இல். கிராமத்தில் ஒரு பயிற்சி மண்டபம் எழும்புவதற்கும் தோட்டத்தில் எழும்பாததற்கும் யாருடைய மனதையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. சட்டப் புத்தகமே போதும்.

தோட்டப் பக்கம் பயிற்சியே வரவில்லை என்று சொன்னால் அதுவும் தப்பு. ஹட்டனில் தொண்டமான் பெயரில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில் பயிலுநர் அதிகார சபை என்று அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. தோட்டங்களுக்குத் தையல் மெஷின் வந்தது, கணினி வந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அங்கே படித்துக் கொழும்பிலும் டுபாயிலும் நல்ல சம்பளம் எடுக்கிறார்கள். கூடை முடைய யாரும் வரவில்லையே என்று புலம்புகிற கிழவன் நானில்லை. கொழுந்தெடுத்த தாய்க்குத் தன் மகள் கூடையைத் தொடவே கூடாது என்றுதான் ஆசை. அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. என் கேள்வி வேறு. தையல் தெரியாதவளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பிய அரசாங்கம், தெரிந்தவர்களைத் தேடி ஒரு நாளும் இந்த மேட்டில் ஏறவில்லை. தப்பு கட்டுகிறவர் இருந்தார். காமன் கூத்துக்கு முடியும் புஜகீர்த்தியும் செய்கிறவர் இருந்தார். பொற்கொல்லர் இருந்தார். இவர்கள் எல்லாரும் பதிவேட்டில் ‘தொழிலாளி’ என்ற ஒரே பத்தியில் இருந்தார்கள்.

கூடை மலையை விட்டு இறங்கியது அரசாங்கத்தால் அல்ல, நைலோனால். வலைப் பை இலேசு, மலிவு, உளுக்காது. பாரம் சுமக்கிறவளுக்கு அது நல்லதா என்று கேட்டால் நல்லதுதான் என்று என் தங்கையே சொல்வாள். இப்போது உண்மையான மூங்கில் கூடையைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பளைக்குக் கிட்டே சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பழைய லயத்துக் காம்பிராக்களிலேயே எங்கள் வீட்டுச் சாமான்களை வைத்திருக்கிறார்கள். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களுக்குத்தான் பெரிய இடம். இல்லாவிட்டால் சுற்றுலா விடுதி வாசலில் பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே நேரத்தில் பின்னால் மலையில் நிஜமாகக் கொழுந்தெடுக்கிறவர்கள் நைலோன் பையோடு நிற்கிறார்கள். படம் எடுக்கிறவர் அவர்களை விலகி நிற்கச் சொன்னதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த விடுதிக் கூடைகளை முடைந்து கொடுப்பவர்களில் என் மாமா மகன் ஒருவர். தாத்தாவிடம் தொழில் கற்றவர் என்று எங்கள் பக்கத்தில் மிச்சமிருப்பது அவர்தான். பூங்கடைக்குத் தட்டு, ஹோட்டலுக்கு அழுக்குத்துணிக் கூடை, தேயிலைப் பெட்டியோடு வைத்து விற்க உள்ளங்கை அளவில் குட்டிக் கூடை என்று ஏதோ ஓடுகிறது. பெரிய கூடையைவிடக் குட்டிக் கூடைக்குத்தான் கை வலி அதிகம், காசும் அதிகம் என்கிறார். இப்போது அனுபவத்தால் கற்றவர்களையும் சோதித்து, படிப்பில்லாமலே தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் இருக்கிறது. இவருக்கு அதைச் சொன்னதே நான்தான். ஒரு நாள் பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து யாரோ வந்து இவரது வேலையைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டு, அடுத்த தொகுதிக்கு விண்ணப்பம் போடச் சொல்லிப் படிவம் கொடுத்துப் போயிருக்கிறார். மச்சான் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

“மச்சான், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. சொல்லிக்குடுக்கக் கூப்புடுறாங்களா, படிக்கக் கூப்புடுறாங்களா?”

படித்துப் பார்த்தேன். வயது முப்பத்தைந்துக்கு மேற்படாத பயிலுநர்களுக்கான படிவம் அது.