கணக்கப்பிள்ளைக்குக் கிடைத்த நூல்

முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த புனித சவேரியார், ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை மறைக்கல்வி ஆசிரியர்களாக அமர்த்தினார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தை அவர்தம் ஊதியத்திற்கெனக் கேட்டுப் பெற்றார். இதை நாம் பெருமையுடன் சொல்வதுண்டு. ஆனால் அவ்வாசிரியர்கள் கற்பதற்கு என்ன இருந்தது? மனனம் செய்த செபங்களே, அவற்றிலும் பிழை. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'வேணும்' என்றிருந்ததை, 1544இல் சவேரியாரே திருத்த நேர்ந்தது!

ஊதியம் தந்தால் போதாது என்றுணர்ந்தவர் அண்ட்ரிக் அடிகளார். தமிழை ஆய்ந்து கற்று இலக்கணமும் எழுதிய அவர், 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சேற்றினார். அச்சுப் பணிக்குப் பொருள் தந்தோர் பரதவ மக்கள். 1586இல் அறுநூறு பக்கங்களைக் கடந்த 'அடியார் வரலாறு'ம் வெளிவந்தது.