மலாக்கா ஆற்றங்கரையில் ஒரு கேள்வி

சென்ற விடுமுறையில் இரண்டாம் படிவ மாணவர்கள் சிலரை மலாக்கா ஆற்றங்கரையிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அருங்காட்சியகமே ஒரு பெரிய கப்பல்தான். 'ஃபுளோர் டி லா மார்' என்ற போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி அது. 34 மீட்டர் உயரம்.

படியேறும்போதே ஒருவன் கேட்டான்: "டீச்சர், மலாக்காவ கொள்ளையடிச்ச கப்பல எதுக்கு நாமளே செஞ்சு வெச்சிருக்கோம்?"

நியாயமான கேள்வி. 1511 ஆகஸ்டில் அல்புகெர்க் நகரைப் பிடித்தார். கொள்ளைப் பொருளோடு கிளம்பிய கப்பல் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமத்திரா கரையோரம் மூழ்கியது. அவர் தப்பிவிட்டார்; பொருள் கடலோடு போனது.

"அதுக்கு முன்னாடி இங்க யார் யார் கப்பல் வந்து நின்னுச்சு?" என்று நான் திருப்பிக் கேட்டேன். சீனர், அரபியர், ஜாவாக்காரர் என்று அடுக்கினார்கள். தமிழர் என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை! இந்நாட்டில் தமிழர் வரலாறு ரப்பர் தோட்டத்தில்தான் தொடங்குகிறது என்று அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது.

மலாக்காவில் நான்கு ஷாபண்டார்கள் இருந்ததைப் பாடத்தில் படிக்கிறோம். தேர்வுத்தாளில் பலர் 'இந்திய வணிகர்களுக்கு ஒருவர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர். 'கெலிங்' எனப்பட்ட சோழமண்டலக் கரை வணிகர்கள், வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களோடு சேர்ந்து இன்னொருவரின் கீழ் இருந்தார்கள். ஒரு காற்றில் வந்து, அடுத்த பருவக்காற்று திரும்பும்வரை இங்கே தங்கினார்கள். சிலர் நிலையாகவே தங்கிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் நினா சாத்து. 1509-இல் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். நகரம் வீழ்ந்தபின் அல்புகெர்க் அவருக்குப் பெண்டஹாரா பதவி கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில் பதவியும் போனது, உயிரும் போனது.

"அப்போ அவரு துரோகியா டீச்சர்?"

தமிழர் பெருமை பேச வந்த எனக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் மழுப்ப மனம் வரவில்லை. போர்த்துகீசியருக்கு அவர் நண்பர், சுல்தான் பக்கத்துக்குத் துரோகி. அவரே எழுதிய சொல் நம் கையில் இல்லை. நாம் படிப்பதில் பெரும்பகுதி வென்றவர்கள் எழுதியது. "இத வெச்சுக்கிட்டு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

திரும்பும் பேருந்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வியாபாரி தன் கடையைத்தானே பார்ப்பான் என்றது ஒரு கட்சி. சோறு போட்ட ஊருக்கு இப்படிச் செய்யலாமா என்றது இன்னொன்று. முதலில் கேள்வி கேட்டவன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "அந்த கெலிங்காரங்க கப்பல ஏன் டீச்சர் யாரும் செஞ்சு வைக்கல?" என்றான்.